ஏழாம் வரிசையில் பாதுகாப்பு, எட்டாம் வரிசையில் ஆபத்து

ஒன்ராறியோவில் பிறக்கும் பிள்ளையைப் பற்றி இந்தச் சமூகம் கேட்கும் முதல் கேள்வி என்ன பெயர் என்பதல்ல. யாரைப் போல இருக்கிறது என்பதுமல்ல. "கார் சீற் எங்கே?" என்பதுதான்.

கேட்பவர் ஆஸ்பத்திரித் தாதி. நேரம் ஜனவரிக் காலை. வெளியே சைபருக்குக் கீழே 18. தாய் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூன்று இரவு தூங்காத தகப்பன் சீற்றைத் தூக்கிக் காட்டுகிறான். தாதி எட்டிப் பார்க்கிறார். தலையாட்டுகிறார். வார் இறுக்கமா, தளர்வா என்று தொட்டுப் பார்க்கமாட்டார். தொட்டால் பொறுப்பு. பொறுப்பென்றால் வழக்கு. எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் இதுதான் நடைமுறை. பிள்ளையைப் பத்து மாதம் அளந்து, நிறுத்து, படம் பிடித்து, இரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவ உலகம், கடைசி இரண்டு அங்குல வாருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

அதோடு அரசின் கடமையும் முடிந்தது. இனி நீயாச்சு, கடையாச்சு. பிழை விட்டால் மட்டும் அரசு திரும்பி வரும். 240 டொலர் தண்டம். கூடவே இரண்டு தண்டப் புள்ளிகள்.

நான் சட்டத்தோடு சண்டைக்கு வரவில்லை. பிள்ளை 9 கிலோவை எட்டும்வரை பின்பக்கம் பார்த்த சீற்றில் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். நல்ல சட்டம். பிறந்த பிள்ளையின் நீளத்தில் நாலிலொரு பங்கு தலை. அதைத் தாங்கும் கழுத்து இன்னும் கழுத்தாகவில்லை. கார் முன்னால் மோதும்போது, பின்பார்த்த சீற்றில் அடியைப் பிள்ளையின் முழு முதுகும் பகிர்ந்துகொள்கிறது. விண்வெளி வீரர்கள் முதுகைக் கொடுத்துப் படுத்தபடி மேலே போவதைப் பார்த்து, 1960களில் சுவீடனில் பேர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர் யோசித்த விஷயம் இது. விஞ்ஞானத்தில் ஒரு பிழையும் இல்லை. அது ஆய்வுகூடத்திலிருந்து உங்கள் காருக்கு வரும் வழியில் நிற்கும் கூட்டத்தில்தான் பிழை.

அந்தக் கூட்டத்தைப் பார்க்கவேண்டுமானால் பிள்ளைச் சாமான் விற்கும் பெரிய கடை ஏதாவது ஒன்றின் ஏழாம் வரிசைக்கு வாருங்கள். கார் சீற்றுகள் அங்கேதான்.

150 டொலருக்கும் உண்டு. 700 டொலருக்கும் உண்டு. இரண்டின் முதுகிலும் ஒரே வட்டம், ஒரே மேப்பிள் இலை. அதாவது இரண்டும் ஒரே பரீட்சையில் தேறியவை. எது மட்டுமட்டாகத் தேறியது, எது முதலாம் பிரிவில் தேறியது என்று அரசாங்கம் சொல்லாது. தேறியது. வாங்கு. போ. அப்படியானால் மிச்ச 550 டொலர் எதற்கு? மெரினோ ஆட்டு மயிர் உறைக்கு. கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கொக்கிக்கு. "நள்ளிரவு நீலம்" என்று பெயர் வைத்த சாதாரண நீலத்துக்கு. தரையில் ஊன்றும் முண்டுகால் போன்ற நல்ல அம்சங்களும் சிலவற்றில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது அதுவல்ல. பெரிய எழுத்தில் இருப்பது பயம். புன்னகை செய்யும் பிள்ளையின் படத்துக்குக் கீழே அச்சடித்த பயம்.

"35 இறாத்தல் வரை பாவிக்கலாம்" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். நிறை 35 ஆக முன்பே நீளம் முந்திவிடும். பிள்ளையின் உச்சந்தலைக்கும் சீற்றின் மேல்விளிம்புக்கும் இடையில் ஓர் அங்குலம் இல்லையென்றால் அந்தச் சீற்றின் காலம் முடிந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது முதலாம் பிறந்தநாளை ஒட்டி வரும். பெட்டியிலுள்ள 35, இளைஞர் ஒருவர் 200 கிலோமீற்றர் எழுதிய வேகமானியைக் காட்டிப் பெருமை பேசும் வகை.

"பக்கவாட்டு மோதல் பரிசோதிக்கப்பட்டது" என்று இன்னொரு முத்திரை. கேட்கவே ஆறுதல். யார் பரிசோதித்தார்கள்? கம்பனி. எந்த அளவுகோலால்? கம்பனியின் அளவுகோலால். யார் திருத்தினார்கள்? கம்பனிதான். பக்கவாட்டு மோதல் பற்றி யோசிக்கும்படி அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது 2000ஆம் ஆண்டு. விதி இறுதியாக வந்தது 2022 ஜூனில். 2000இல் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு இன்று தன் பிள்ளைக்கே அதே சீற் வாங்க வேண்டிய வயது. அந்த விதியையும் 2025 ஜூனில் கட்டாயமாக்குவோம் என்றார்கள். பிறகு அதையும் தள்ளிப்போட்டார்கள். இடைப்பட்ட அத்தனை வருடமும் அந்த முத்திரை மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் பெட்டிகளில் வந்தது.

இதைவிட மோசமானது ஒன்று. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளின் பூஸ்டர் சீற் பற்றியது என்றாலும் இங்கே சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்காவில் பெயர்பெற்ற கம்பனி ஒன்று 30 இறாத்தல் பிள்ளைக்கே பூஸ்டர் போதும் என்று விற்றது. அதற்குள்ளேயே இருந்த பொறியியலாளர் ஒருவர், 40 இறாத்தலுக்குக் கீழே விற்கவேண்டாம் என்று 2012இல் சொன்னார். சந்தைப்படுத்தும் அதிகாரி முடியாது என்றார். கனடாவில் அதே கம்பனி 40 என்றுதான் எழுதியது. இங்கே விதி அப்படி. ஆக நயாகராப் பாலத்தின் இந்தக் கரையில் பிள்ளையின் எலும்பு ஒரு வயது, அந்தக் கரையில் இன்னொரு வயது. 2020இல் இது பத்திரிகையில் அம்பலமாகி, காங்கிரஸ் உபகுழு ஒன்று விசாரித்து, அறிக்கையும் வந்தது. அறிக்கை வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்டதால்தான் நியூஜேர்சி மச்சான் அன்பாக அனுப்பும் சீற்றை நான் ஆதரித்துப் பேசமுடியவில்லை. மேப்பிள் இலை முத்திரை இல்லாத சீற்றை இங்கே கொண்டுவருவதும் சட்டவிரோதம், பாவிப்பதும் சட்டவிரோதம். அதே கம்பனி, அதே அச்சு, அதே பிளாஸ்ரிக் என்று மச்சான் வாதாடுவார். பல வேளை உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்த ஸ்ரிக்கரின் பின்னால் சில இடங்களில் நிஜமான வித்தியாசம் இருக்கிறது. எந்த இடங்கள் என்று ஒரு தகப்பனுக்கு விளங்கும் மொழியில் எவரும் சொல்வதில்லை. முத்திரை இருந்தால் சரி, இல்லாவிட்டால் தண்டம். ஏன் என்று கேட்டால் ஒழுங்குவிதியின் இலக்கத்தைச் சொல்வார்கள்.

போதும். எட்டாம் வரிசைக்கு வருவோம். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

எட்டாம் வரிசையில் குளிர்காலம் விற்பனைக்கு இருக்கிறது. கரடிக் காது வைத்த ஸ்னோ சூற். உள்ளே பஞ்சு, வெளியே நைலோன், கையும் காலும் நட்சத்திரம்போல விரிந்து நிற்கும். பக்கத்தில் சீற்றுக்குள் விரிக்கும் கம்பளிப் பை. பிள்ளையின் முதுகுக்குக் கீழே ஒரு தடித்த மெத்தை, வார் நுழைய நாலு ஓட்டை, "எல்லாச் சீற்றுக்கும் பொருந்தும்" என்று ஒரு பொய். அதற்குப் பக்கத்தில் தலையைத் தாங்கும் குட்டித் தலையணை. தோள்பட்டை வாருக்கு முயல் முகம் போட்ட உறை. எல்லாம் பிள்ளையின் சுகத்துக்காம்.

இப்போது ஏழாம் வரிசையில் வாங்கிய சீற்றின் கையேட்டைத் திறவுங்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கும். தமிழ் இல்லை. அதில் எச்சரிக்கை முக்கோணம் போட்டு எழுதியிருக்கும்: இந்தப் பெட்டியோடு வராத எதையும் இந்தச் சீற்றில் சேர்க்காதே. பிள்ளைக்குத் தடித்த உடை போட்டு வாரைப் பூட்டாதே.

ஒரே கூரை. ஒரே காசாளர். ஒரே பில். ஏழாம் வரிசையில் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்கள். எட்டாம் வரிசையில் அந்தக் காப்பைக் கழற்றுகிறார்கள். இரண்டுக்கும் காசு வாங்குகிறார்கள். சேர்த்து வாங்கினால் கழிவும் தருகிறார்கள்.

இது ஏதோ வழக்கறிஞர்கள் எழுதிய வெற்று எச்சரிக்கை என்று நினைப்பவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைக்கு அந்தக் கரடிச் சூற்றைப் போடுங்கள். சீற்றில் இருத்தி வாரை இழுத்து இறுக்குங்கள். நன்றாக இறுகிவிட்டது, இல்லையா? இனி வாரின் நீளத்தை மாற்றாமல் கொக்கியை மட்டும் கழற்றுங்கள். சூற்றை உரியுங்கள். பிள்ளையைத் திரும்ப அதே இடத்தில் இருத்தி அதே கொக்கியைப் பூட்டுங்கள். தோள் பக்கத்தில் வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்புப் பிடிபட்டால் சூற் தடிப்பு. சில சூற்றில் விரல் இல்லை, கையே நுழையும். அந்தக் கை நுழையும் இடைவெளிதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள். காற்று. மோதும் கணத்தில் பஞ்சு நசியும், காற்று இறங்கும், வார் தளரும், பிள்ளை அதற்குள்ளால் வழுகும்.

வண்டிலில் தள்ளிக்கொண்டு நடக்க அதே சூற் அருமையான உடுப்பு. ஐயமேயில்லை. காருக்குள் மட்டும் அது எதிரி. இதைச் சொல்ல ஒரு துண்டு மட்டை போதும். எட்டாம் வரிசைத் தட்டில், விலைச்சீட்டுக்குப் பக்கத்தில், ஒரேயொரு வரி: "காரில் போடவேண்டாம்."  கோப்பியின் மூடியில்கூடச் சூடு என்று எழுதுகிற நாடு இது. இந்த ஒரு வரிக்கு மட்டும் மை தீர்ந்துபோயிற்று.

சரி, தடித்த சூற் கூடாது, குளிருக்கு என்ன செய்வது? விடை மிகச் சின்னது. மெல்லிய உடுப்பு ஒன்றின்மேல் ஒன்று. தொப்பி, காலுறை, கையுறை. வாரைத் தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழாகவோ வைத்து, உடம்போடு இறுக்கி, மார்புக் கிளிப்பைக் கமக்கட்டு உயரத்துக்குக் கொண்டுவந்து பூட்டு. அதன்மேல் போர்வையைப் போடு. முகத்தை மூடாதே. கார் சூடானதும் போர்வையை எடு. குளிரில் விறைப்பதைப் போலவே சூட்டில் அவிவதும் பிள்ளைக்கு ஆபத்து. கழற்றித் தூக்கக்கூடிய சீற்றானால் இரவில் அதைக் காரில் விடாதே, வீட்டுக்குள் வைத்திரு. விறைத்த பிளாஸ்ரிக்கில் பிள்ளையைக் கிடத்தவேண்டியதில்லை. எல்லாப் பூட்டையும் சூடான வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம். கனடாக் குளிரில் புதுப்பிள்ளைக்கு அந்த வகைச் சீற்றை எடுக்க இருக்கும் ஒரே உருப்படியான காரணம் இதுதான். பெட்டியில் இது எழுதியிருக்காது.

போர்வை வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இந்த அறிவுரையில் எவருக்கும் இலாபமில்லை. இலாபமில்லாத உண்மைக்கு இந்த நாட்டில் விளம்பரம் கிடையாது.

ஆனால் அந்தத் தூக்கும் சீற்றிலும் ஒரு கூத்து இருக்கிறது. வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்த தாயிடம் வைத்தியர் சொல்வது என்ன? பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்காதே. பிள்ளை மூன்றரைக் கிலோ. வெறும் சீற் நாலு கிலோ, சிலது ஐந்து. இரண்டும் சேர்ந்தால்? கூட்டல் தெரிந்தவர்கள் எவரும் அந்த ஆலோசனையையும் இந்தச் சீற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கவில்லை. வாசலில் பனிக்கட்டி. கையில் எட்டுக் கிலோ. அடிவயிற்றில் தையல். பெட்டியின் படத்திலோ உயரமான செருப்புப் போட்ட ஒருத்தி இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போகிறாள்.

அந்தச் சீற்றின் அடித்தளத்தைக் காரில் பொருத்துவது இன்னொரு வித்தை. ஒரு பக்கத்தில் குமிழியோ கோடோ இருக்கும். சாய்வு சரியா என்று காட்டும். புதுப்பிள்ளைக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வு வேண்டும். நிமிர்த்தினால் தலை முன்னால் விழுந்து மூச்சு அடைக்கும். குமிழியைப் பார்க்கமுன் காரைச் சமதரையில் நிறுத்து என்கிறது கையேடு. ஸ்காபரோவில் சமதரையான டிரைவ்வேயைக் காட்டுங்கள், அதற்கு நான் காணிவரி கட்டுகிறேன். பிறகு அடித்தளத்தில் முழங்காலை ஊன்றிப் பெல்ற்றை இழுக்கவேண்டும். பெல்ற் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. கையுறையோடு இழுத்தால் பிடி வராது. கையுறை இல்லாமல் இழுத்தால் விரல் வராது. எல்லாம் முடிந்தபின் முன் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். உங்கள் சிவிக்கில் இனி முன்னால் இருப்பவர் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்தபடிதான் பயணம். கடையில் சீற்றைக் கொண்டுபோய் உங்கள் காரில் வைத்துப் பார்க்க விடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். விடாத கடையில் வாங்காதீர்கள். 700 டொலர்ச் சீற் காரில் பொருந்தாமல் ஆடினால், ஆடாமல் இறுகும் 150 டொலர்ச் சீற்றே உயர்ந்த சீற்.

அடுத்த ஆலோசனை: பிள்ளையை ஏற்றமுன் காரைச் சூடாக்கு. செய்கிறோம் ஐயா. ஆனால் ரொறன்ரோ நகரசபைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. நிற்கும் வாகனத்தின் இயந்திரத்தை ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிடக்கூடாது. சைபருக்குக் கீழே 18இல் ஒரு நிமிடத்தில் சூடாகிற கார் யாரிடம் இருக்கிறது? நகரசபை உறுப்பினர்களிடம் இருக்கலாம். கராஜுக்குள் ஓடவிடலாமா என்றால், புகை கொன்றுவிடும். ஆக, தடித்த உடுப்புப் போடாதே என்று ஓர் அதிகாரம். காரைச் சூடாக்கு என்று ஓர் அதிகாரம். காரை ஓடவிடாதே என்று ஓர் அதிகாரம். மூவரும் ஒரே மாநிலத்தில் சம்பளம் வாங்குகிறார்கள். மூவரும் ஒருமுறை ஒரு தேநீர் குடித்துப் பேசியிருக்கலாம்.

கார் இல்லாதவர்களின் பாடு? அவர்களுக்குச் சட்டம் சலுகை கொடுத்திருக்கிறது. ஒன்ராறியோவில் வாடகைக்கு ஆள் ஏற்றும் ரக்சிச் சாரதிக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. பிறந்து இரண்டு நாளான பிள்ளையைத் தாயின் மடியில் வைத்து 401 நெடுஞ்சாலையில் கொண்டுபோகலாம். தண்டம் இல்லை. புள்ளி இல்லை. சொந்தக் காரென்றால் இயற்பியல் வேலை செய்யும், ரக்சி என்றால் நியூட்டன் லீவு. மோதும் கணத்தில் மூன்றரைக் கிலோப் பிள்ளை ஒரு வளர்ந்த ஆணின் பாரத்துக்கு மேலே போகும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து வைக்காது. சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியும். தெரிந்துதான் சொந்தக் காருக்குச் சட்டம் போட்டார்கள். ரக்சியில் போகும் ஏழையின் பிள்ளைக்கு விலக்குப் போட்டார்கள். அதற்குப் பெயர் சலுகையாம்.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. கட்டாயம் வாங்கு, இல்லாவிட்டால் தண்டம் என்று அரசே சொல்லும் பொருள் இது. அதற்கு அதே அரசு வரி வாங்குகிறது. மாநிலம் தன் 8 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறது. மத்திய அரசு 5 சதவீதத்தை விடாது. ஒரேயொரு முறை விட்டது. 2024 டிசம்பர் 14 தொடக்கம் 2025 பெப்ரவரி 15 வரை வரி விடுமுறை. பட்டியலில் கார் சீற் இருந்தது. கூடவே பியர், நத்தார் மரம், வீடியோ விளையாட்டுப் பெட்டி, துண்டு துண்டாய்ப் பொருத்தி விளையாடும் படம். பிள்ளையின் உயிரும் ஒரு போத்தல் பியரும் அரசின் கணக்கில் ஒரே சலுகை, ஒரே இரண்டு மாதம். பெப்ரவரி 16 விடிந்ததும் பிள்ளை மீண்டும் வரிக்குரிய சரக்கு. அந்த இரண்டு மாதத்தைக் குறித்துப் பெறாதது பெற்றோரின் பிழை.

வாங்கிய சீற்றுக்கும் சாவு நாள் குறித்திருக்கிறது. பிளாஸ்ரிக்கில் அச்சடித்திருக்கும். ஆறு வருடம், பத்து வருடம் என்று கம்பனியே முடிவு செய்யும். பிள்ளை பாவிப்பதோ ஏறக்குறைய ஒரு வருடம். மிச்ச வருடங்களுக்குத் தங்கச்சி பிள்ளைக்குக் கொடுக்கலாம், பெறாமகளுக்குக் கொடுக்கலாம். விபத்தில் படாததென்று சத்தியம் செய்யக்கூடியவர்கள் மட்டும் கொடுங்கள். திகதி தாண்டினால் வாரை வெட்டி, பெரிய எழுத்தில் "காலாவதி" என்று எழுதிக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். யோகட் கிண்ணத்தைக் கழுவாமல் மறுசுழற்சி நீலப் பெட்டியில் போட்டால் கண்டிக்கிற ஊரில், நாலு கிலோ பிளாஸ்ரிக்கும் இரும்பும் பெரும்பாலும் நேரே குப்பைமேட்டுக்குப் போகிறது.

எங்கள் ஆட்களையும் விடப்போவதில்லை.

மண்டபம் பிடித்து, பலூன் வளைவு கட்டி, சொக்லேற் நீரூற்று வைத்து, கமெரா ட்ரோன் பறக்கவிட்டு பேபி ஷவர் நடக்கிறது. அன்பளிப்பு மேசையில் ஸ்னோ சூற் மாத்திரம் நாலு. பிள்ளையின் சீற்றைச் சரியாகப் பூட்டிக் காட்டப் பயிற்சி பெற்ற ஆட்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். சிலர் தொண்டர்கள். சிலர் காசு வாங்குவார்கள். அந்த ட்ரோனின் கூலியில் ஒரு துண்டு போதும். எவருக்கும் தோன்றாது. ட்ரோன் வீடியோவில் இறுக்கிய வார் தெரியாது.

பிள்ளை வீட்டுக்கு வந்தபின் மாமி தொடங்குவார். "என்ன மோனை, பச்சைப் பிள்ளையை இப்பிடி மெல்லிய சட்டையோட கொண்டு வாறாய்? விறைச்சுப் போமெல்லோ!" பூட்டிய வாரைத் தளர்த்துவார். பிள்ளைக்கு நெஞ்சு நோகுமாம். "உங்களையெல்லாம் மடியில வைச்சுத்தானே கொண்டு திரிஞ்சனாங்கள்." திரிந்தீர்கள், மாமி. யாழ்ப்பாணத்தில், சைக்கிளில், ஒழுங்கையில். 401இல், 120 கிலோமீற்றர் வேகத்தில் அல்ல. மாமியின் அன்பில் கலப்படம் இல்லை. அவருக்கு விளங்கும் மொழியில் ஒரு பக்கக் கடதாசி கொடுக்காத அரசின் அக்கறையில்தான் கலப்படம். ரொறன்ரோவைச் சுற்றி இலட்சத்துக்கு மேல் தமிழர் வாழ்கிறோம். தேர்தல் வந்தால் வாசலில் விழும் துண்டுப் பிரசுரம் செந்தமிழில் இருக்கிறது. பொங்கலுக்கு வேட்டி கட்டி வருபவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார். கார் சீற் கையேட்டுக்குக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் ஆங்கிலம் தெரியாதவர்களின் பிரச்சினை என்று யாராவது கிளம்பினால், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2016இல் அச்சில் வந்தது. பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்ட 291 குடும்பங்களின் சீற்றைப் பயிற்சி பெற்றவர்கள் பார்த்தார்கள். 95 சதவீதத்தில் ஏதோ ஒரு பிழை. 91 சதவீதத்தில் பாரதூரமான பிழை. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் தோற்கும் பரீட்சையில் பிழை மாணவனிடம் இல்லை. வாத்தியார் வரவேயில்லை.

வாத்தியாரைக் கொண்டுவருவது பெரிய செலவல்ல. பிரசவ விடுதி ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற ஓர் ஆள். தரிப்பிடம்வரை வந்து, முழங்காலை ஊன்றி, வாரைக் கிள்ளிப் பார்த்து, சரி போ என்று சொல்ல அதிகாரமுள்ள ஆள். எட்டாம் வரிசைத் தட்டில் கட்டாயமாக ஓர் எச்சரிக்கை மட்டை. சிகரெட் பெட்டியில் அழுகிய நுரையீரலை அச்சடிக்கச் சொன்ன அரசுக்கு இது முடியாத காரியமல்ல. அந்த 5 சதவீத வரியை ஒரேயடியாகத் தூக்கிவிடுவது. இவற்றில் ஒன்றுக்கும் புதிய கண்டுபிடிப்புத் தேவையில்லை. வாக்குக்கு வாசலில் வந்து நிற்பவரிடம் கேளுங்கள். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிப் படம் எடுக்கமுன் கேளுங்கள்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்தக் குளிருக்குள் உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்து, கரடிக் காது வைத்த தடித்த சூற்றுகள் அன்பளிப்பாக வந்தால், நன்றி சொல்லி வாங்குங்கள். ஒன்றை வண்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குப் பில்லைக் கேட்டு வாங்கி, அடுத்த நாளே கடைக்குக் கொண்டுபோங்கள். அளவு சரியில்லையா, நிறம் பிடிக்கவில்லையா என்று மேசையிலிருக்கும் பெண் கேட்பாள். இல்லை, இதைக் காரில் போட்டால் வார் இறுகாது, பிள்ளைக்கு ஆபத்து, உங்கள் ஏழாம் வரிசைக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். மெல்லச் சொல்லவேண்டாம். பின்னால் வரிசையில் நிற்பவர்களின் கையிலும் அதே சூற் இருக்கும்.